பின் சீற்றில் இருப்பவருக்கும் ஒரு முதுகு உண்டு



வழமையாக வருமான வரி, ஓய்வூதிய நிதி, வீட்டுக் கடன் என்று கணக்கு வழக்குகளோடு வருகிற நான், இம்முறை மோட்டார் சைக்கிளோடு வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கியபின், ஊரில் விட்ட மோட்டார் சைக்கிள் ஆசை எங்கள் வயதுக்காரர் பலருக்குத் திரும்பி வந்திருக்கிறது. கணவர் ஆசையோடு ஒன்றை வாங்குகிறார். மனைவி இரண்டு முறை பின்னால் ஏறிப் போய்வருகிறார். மூன்றாம் முறை, "நீங்கள் போட்டு வாங்கோ, எனக்கு வீட்டில வேலை இருக்கு" என்கிறார். பல வீடுகளில் உண்மையான காரணம் வேலை அல்ல, சீற்தான்.

இந்தப் பேச்சில் பின் சீற்றையும் முதுகுச் சாய்வையும் எப்படித் தெரிவு செய்வது என்று சொல்லப் போகிறேன். அவுஸ்திரேலியாவில், அதுவும் மெல்பேண் பக்கத்து வீதிகளில், இருவராகப் போய்வருகிறவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். மற்ற நாடுகளில் இருக்கும் நேயர்களுக்கும் சட்டப் பகுதியைத் தவிர மற்றவை பொருந்தும்.

ஊரில் எப்படி இருந்தோம்?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்த ஹொண்டா மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் ஒரே நீளமான, தட்டையான சீற் இருக்கும். தகப்பன் ஓட்ட, பெற்றோல் ராங்கின்மேல் ஒரு பிள்ளை, நடுவில் இன்னொன்று, பின்னால் தாய் சேலையோடு ஒரு பக்கமாக. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களிலும் இதே காட்சிதான். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தட்டையான சீற்றில் ஒரு நன்மை இருந்தது. பின்னால் இருப்பவர் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று தன் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் அழுத்தம் விழாமல் இருந்தது. தூரமும் குறைவு, வேகமும் குறைவு.

இங்கே நிலைமை வேறு. டண்டினோங்கிலிருந்து பிலிப் ஐலண்ட் போவதென்றாலே நூறு கிலோமீற்றருக்கு மேல். கிரேட் ஓஷன் றோட் மட்டும் 243 கிலோமீற்றர். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் காற்று தள்ளும்போது, அரை அடி அகலமான ஒரு துண்டுச் சீற்றில் ஒன்றரை மணி நேரம் இருப்பது விளையாட்டல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

அவுஸ்திரேலிய வீதி விதிகளின்படி பின்னால் இருப்பவர், அவருக்கென்று அமைந்த சீற்றில், இரு பக்கமும் கால் போட்டு, முன்னே பார்த்தபடி, இரண்டு பாதங்களையும் கால்மிதியில் வைத்து இருக்கவேண்டும். ஊரில்போல ஒரு பக்கமாக இருந்து போக முடியாது. இருவரும் அங்கீகரிக்கப்பட்ட தலைக்கவசம் அணியவேண்டும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பின்னால் ஏற்ற முடியாது. புதிதாக உரிமம் பெற்றவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரையும் ஏற்ற முடியாது. அந்தக் காலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வாகனப் பதிவில் ஒருவருக்கு மட்டும் என்றிருந்தால், பின் சீற் ஒன்றை வாங்கிப் பூட்டுவதால் மட்டும் அது இருவர் வாகனம் ஆகிவிடாது. முதலில் மாநில வீதிப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சீற்றையோ சாய்வையோ மாற்றினால் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.

"பரவாயில்லை" என்பது பதில் அல்ல

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. இடம்பெயர்ந்த நாட்களில் லொறியிலும் ட்ரக்ரர் பெட்டியிலும் மணிக்கணக்காகக் குந்தியிருந்து வந்தவர்கள், ஒரு சீற் குத்துகிறது என்று முறையிடுவதை வெட்கமாக நினைப்பார்கள். கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். பழைய காயம் உள்ளவர்கள் இன்னும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் இது வெறும் சொகுசு விடயம் அல்ல. நோகும்போது மனிதர் அசைவார். பின்னால் இருப்பவர் வளைவின் நடுவே திடீரென்று இடம் மாறினால் வண்டி தன் பாதையை விட்டு விலகும். கால் விறைத்துப்போய் மிதியிலிருந்து பாதத்தை எடுத்தாலும் ஆபத்து. ஆகவே பின் சீற்றின் சுகம் முன்னால் இருப்பவரின் பாதுகாப்பும்தான்.

"நோகிறதா?" என்று கேட்காதீர்கள். "எங்கே நோகிறது? எத்தனை நிமிடத்தில் தொடங்கியது?" என்று கேளுங்கள். நோகும் இடம்தான் எதை மாற்றவேண்டும் என்று காட்டும்.

இருக்கும்போது அடியில் இரண்டு எலும்புகள் சீற்றில் முட்டும். அங்கே நோகுமானால் சீற் ஒடுக்கம், அல்லது உள்ளே இருக்கும் ஃபோம் அளவுக்கு மீறி மென்மை.

வால் எலும்பில் நோகுமானால் சீற் பின்பக்கம் சரிந்திருக்கிறது, அல்லது சாய்வு தூரத்தில் இருப்பதால் அவர் கூனி இருக்கிறார்.

உள்தொடையில் நோகுமானால் சீற்றின் விளிம்பு கூர், அல்லது அளவுக்கு மீறிய அகலம்.

முழங்காலில் நோகுமானால் கால்மிதி உயரத்தில் இருக்கிறது.

கீழ் முதுகில் நோகுமானால் சாய்வு இல்லை, அல்லது தவறான உயரத்தில் இருக்கிறது, அல்லது பின் ஷொக் அப்சோர்பர் இருவர் பாரத்துக்குச் சரிசெய்யப்படவில்லை.

கழுத்திலும் தோளிலும் நோகுமானால் சீற் உயர்ந்து நேரே காற்றில் பிடிக்கிறது.

மணிக்கட்டில் நோகுமானால் சீற் முன்பக்கம் சரிந்திருக்கிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் வழுக்கி வந்து கைகளால் தாங்குகிறார்.

சீற்: மென்மை அல்ல, வடிவம்

கடையில் பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்றிருந்தால் நல்ல சீற் என்று முடிவு செய்வோர் அதிகம். வீட்டுச் சோபாவுக்கு அது சரி. மோட்டார் சைக்கிளுக்குப் பிழை. மென்மையான ஃபோம் அரை மணி நேரத்தில் முழுவதும் அமுங்கி, எலும்பு நேரே அடித்தட்டில் முட்டும். ஓரளவு இறுக்கமான, அகலமான, தட்டையான சீற்தான் பாரத்தைப் பரவலாகத் தாங்கும். முதல் ஐந்து நிமிடம் இறுக்கமாகத் தெரிவது, ஒரு மணி நேரத்தின்பின் நல்லதாகத் தெரியும்.

வண்டியின் வகையும் முக்கியம். ஸ்போர்ட்ஸ் வகையில் பின் சீற் பெயருக்கு ஒரு துண்டு, கால்மிதியும் உயரம். குரூசர் வகையில் ஓட்டுபவருக்கு அகலமான ஆசனம், பின்னால் மட்கார்டின் மேலே ஒரு சின்ன மெத்தை. படத்தில் அழகாக இருக்கும், வால் எலும்புக்குத்தான் தண்டனை. அட்வென்ச்சர் வகையில் தட்டையான சீற்றும் தாழ்ந்த மிதியும் இருக்கும், ஆனால் ஏறி இறங்க உயரம். பெரிய ஸ்கூட்டர்களைப் பலர் ஏளனமாகப் பார்ப்பார்கள், ஆனால் பின்னால் இருப்பவருக்கு அவற்றில் அகலமான இருக்கை கிடைக்கும். நெடுந்தூரத்துக்கென்றே செய்த ரூரிங் வண்டிகள் எல்லாவற்றிலும் சுகமானவை. விலையும் பாரமும் அதற்கேற்ப இருக்கும்.

இருக்கிற சீற்றைத் திருத்துவதற்குப் பல வழிகள் உண்டு. ஆட்டுத்தோல் விரிப்பு மலிவானது. காற்று உள்ளே ஓடுவதால் வெயிலில் வியர்வை குறையும். ஆனால் மழையில் நனைந்தால் காய நேரமெடுக்கும். ஜெல் மெத்தை அழுத்தத்தைப் பரப்பும், ஆனால் கோடை வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெமரி ஃபோம் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். மெல்பேணில் ஒரே நாளில் இரண்டும் நடக்கும்.

காற்றறை மெத்தை என்று ஒன்று உண்டு. நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமல் தடுக்கச் செய்த மெத்தைகளின் அதே முறை இது. பலர் அதை நிறையக் காற்றடித்து விடுகிறார்கள். அப்போது பந்தின்மேல் இருப்பதுபோல் ஆடும். அவர் சீற்றில் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கி, எலும்பு சீற்றில் முட்டாமல் சற்றே மிதக்கும் நிலையில் நிறுத்தவேண்டும். பட்டியையும் இறுக்கிக் கட்டவேண்டும்.

நிரந்தரமான வழி, சீற்றை வெட்டி உருமாற்றுவது. இங்கே மோட்டார் றிமர் என்று அழைக்கப்படும், வாகன இருக்கைகளைத் தைப்பவர்கள் இதைச் செய்கிறார்கள். வண்டியோடு வந்த சீற்றைக் கொடுக்காமல், பழைய சீற் ஒன்றை வாங்கி அதைக் கொடுங்கள். வண்டியை விற்கும்போது அசல் சீற் கையில் இருக்கும்.

கால்மிதியை மறக்காதீர்கள்

சீற் எவ்வளவு நல்லதென்றாலும் முழங்கால் நெஞ்சுக்கு வந்தால் பயனில்லை. வீட்டு நாற்காலியில் இருக்கும்போது முழங்கால் மடிகிற அளவு மடிந்தால் நல்லது. சில வண்டிகளுக்குக் கால்மிதியைத் தாழ்த்தும் பாகங்கள் கிடைக்கும். தாழ்த்தும்போது பாதம் புகைக்குழாயில் முட்டுகிறதா, வண்டி சரியும்போது மிதி நிலத்தில் உரசுமா என்று பார்க்கவேண்டும். சீற்றை ஓர் அங்குலம் உயர்த்தினாலும் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். ஆனால் பின்னால் இருப்பவர் காற்றில் கூடுதலாகப் பிடிபடுவார், வண்டியின் பாரமும் மேலே போகும்.

முதுகுச் சாய்வு

சாய்வு செய்கிற வேலை இரண்டு. வண்டி வேகமெடுக்கும்போது பின்னால் வழுக்காமல் தடுப்பது ஒன்று. கீழ் முதுகின் தசைக்கு ஓய்வு கொடுப்பது மற்றது. பிரேக் பிடிக்கும்போது அது உதவாது. விபத்தில் அது இருக்கைப்பட்டி ஆகாது. சாய்வு இருக்கிறது என்று கைபிடியை விட்டுவிட்டு நித்திரை கொள்வது பேராபத்து.

மூன்று வகை பொதுவாகக் கிடைக்கும். சிஸி பார் என்று சொல்லப்படும் கம்பியில் மெத்தை வைத்தது ஒன்று. ஹார்லி டேவிட்சன் போன்ற குரூசர்களில் காண்பது இதுதான், கழற்றிப் பூட்டக்கூடியதும் உண்டு. பின்பெட்டியின் முன்பக்கத்தில் ஒட்டிய மெத்தை மற்றது. இத்தாலியின் கிவி நிறுவனத்தின் பெட்டிகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது, வண்டியோடு சேர்ந்தே தொழிற்சாலையில் வடிவமைத்தது.

உயரத்தில் கவனம் வேண்டும். மெத்தை கீழ் முதுகின் உள்வளைவில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் கீழ்வரை தாங்கினால் போதும். சின்ன மெத்தை ஒரு முள்ளந்தண்டு எலும்பில் மட்டும் குத்தும். நேராக நிமிர்ந்த சாய்வு அவரை முன்னே தள்ளும், தூரத்தில் இருக்கும் சாய்வு கூன வைக்கும். முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சாய்வின் கோணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹொண்டா கோல்ட் விங் நல்ல உதாரணம். 1975இல் வெளிவந்த அந்த வரிசை, பின்னால் இருப்பவரின் சுகத்துக்கே பெயர் எடுத்தது. 2018இல் வண்டியைச் சிறிதாக்கிப் பாரத்தைக் குறைத்து மறுவடிவம் செய்தார்கள். பின்பெட்டி 50 லீற்றர் ஆனது. 2021 மாதிரியில் பெட்டியை 61 லீற்றராகப் பெருப்பித்து, பின் சாய்வை மேலும் சரித்து, உயர்த்தி, ஃபோமையும் தடிப்பாக்கினார்கள். இவ்வளவு அனுபவமுள்ள நிறுவனமே மூன்று வருடத்தில் சாய்வைத் திருத்தியது என்றால், படத்தைப் பார்த்து நாங்கள் வாங்குகிற சாய்வு முதல் தடவையே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

பூட்டும் இடமும் முக்கியம். வண்டியின் சட்டத்தில் பூட்டுவதே உறுதி. பின்பெட்டியில் சாய்வதானால், அந்தப் பெட்டியும் தட்டும் மனிதர் சாயும் பாரத்துக்குச் செய்யப்பட்டவையா என்று கைநூலில் பாருங்கள். பூட்டிய முதல் பயணத்தின்பின் எல்லா ஆணிகளையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

பழைய காயம் உள்ளவர்கள்

இடுப்பிலோ முதுகிலோ காலிலோ போர்க்காலக் காயம் உள்ளவர்கள், உடலில் சன்னத் துண்டு இருப்பவர்கள், பின்னால் ஏற ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். ஆனால் முதலில் குடும்ப வைத்தியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுவிடுங்கள். உயரமான சாய்வைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போடுவது அவர்களுக்குக் கஷ்டம். கழற்றக்கூடிய அல்லது தாழ்வான சாய்வு நல்லது. ஒரு சிறு படி அல்லது நடைபாதை விளிம்பு உதவும். ஓட்டுபவர் முதலில் ஏறி, இரண்டு பாதமும் நிலத்தில் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ஏறுங்கோ" என்று சொன்ன பிறகே மற்றவர் ஏறவேண்டும். இடது பக்கம் ஏறுவது வழக்கம். இடது காலால் ஊன்ற முடியாதவர் வலது பக்கமும் ஏறலாம், ஆனால் புகைக்குழாய்ச் சூட்டைக் கவனிக்கவேண்டும். கால் விரித்து இருக்கவே முடியாதவருக்குப் பக்கப் பெட்டி பூட்டிய வண்டி ஒரு வழி.

பாரக் கணக்கு

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வண்டியின் கைநூலில் ஆகக்கூடிய பாரம் என்று ஓர் எண் இருக்கும். அதில் ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், உடைகள், சாமான், மேலதிகமாகப் பூட்டியவை எல்லாம் அடங்கும். ஓர் உதாரணம் பார்ப்போம். அனுமதி 185 கிலோ என்று வைப்போம்.

ஓட்டுபவர் 82 கிலோ.
பின்னால் இருப்பவர் 64 கிலோ.
இருவரின் தலைக்கவசம், ஜாக்கெற், சப்பாத்து, கையுறை 14 கிலோ.
பின்பெட்டியும் தட்டும் 7 கிலோ.
புதிய சீற்றும் சாய்வும் 3 கிலோ.

மொத்தம் 170 கிலோ. மிச்சம் 15 கிலோதான். தண்ணீர், மழை உடுப்பு, கட்டுச்சோறு எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். பின்பெட்டிக்கும் தனியான எல்லை உண்டு, அது பெட்டியிலேயே எழுதியிருக்கும். பெட்டி பின் சில்லுக்கும் பின்னால் நிற்பதால், அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன் சில்லின் பிடிப்பைக் குறைக்கும். இருவராகப் போகும் நாளில் ரயர்க் காற்றையும் பின் ஷொக் அப்சோர்பரையும் கைநூல் சொல்லும் அளவுக்கு மாற்றுங்கள். "சீற் சரியில்லை" என்கிற முறைப்பாட்டில் பாதி இதிலேயே தீர்ந்துவிடலாம். இதற்குச் செலவும் இல்லை.

செலவையும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் செலவில்லாத திருத்தம். பிறகு ஆட்டுத்தோல் அல்லது காற்றறை மெத்தை. அதன்பின் சாய்வு. கடைசியாகச் சீற்றை உருமாற்றுதல். 600 டொலர் செலவழித்து, வருடத்துக்கு 15 பயணம் வீதம் நான்கு வருடம் போனால் 60 பயணம், பயணத்துக்குப் பத்து டொலர். இரண்டு பேர் சுகமாகப் போய்வர அது நியாயமான விலை. செலவழித்தும் அவர் வரவில்லையென்றால் அது முழு நட்டம். ஆகவே வாங்குமுன் அவரையே இருத்திப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது

பின்னால் இருக்கப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் ஓடும்போது அணியும் ஜாக்கெற், தலைக்கவசம், சப்பாத்து எல்லாவற்றோடும் இருக்கவேண்டும். வண்டியை நடு ஸ்ராண்டில் உறுதியாக நிறுத்தி, நீங்களும் முன்னால் இருந்து, குறைந்தது இருபது நிமிடம் இருங்கள். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் வேறு கடை பாருங்கள். இருபது நிமிடம் முடிந்ததும் எங்கே நோகிறது என்று கேளுங்கள். பதிலை அவரே சொல்லட்டும், நீங்கள் இடையில் பேசவேண்டாம்.

முதல் பயணம் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். தோளில் இரண்டு தட்டு என்றால் "நிறுத்து" என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். அந்தத் தட்டு விழுந்தால் ஏன் என்று கேட்காமல், பாதுகாப்பான முதல் இடத்திலேயே நிறுத்துங்கள். நீளமான சால்வை, தொங்கும் துணி எதுவும் வேண்டாம். அவை சங்கிலியிலும் பின் சில்லிலும் சிக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டு பின்னால் இருந்து வந்தால், இந்த மடலை அவர் கையில் கொடுத்து, நோகும் இடத்தில் பேனையால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மிகுதியை அந்தக் கோட்டிலிருந்து தொடங்கலாம். அடுத்த மாதம் வழமைபோல் வரிக் கணக்கோடு சந்திப்போம்.